ராதாவை யார் கேட்டார்கள்? பழைய இந்திப் படங்களின் ஒருதலைக் காதலும் தியாகமும்

கறுப்புவெள்ளை எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து ராஜ் கபூரின் ‘சங்கம்’ பார்த்தேன். 1964இல் வந்த படம். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும். அந்தக் காலத்தில் இரண்டு இடைவேளை விட்டுத் திரையிட்டார்கள். கல்லூரி நாட்களில் இதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் கோபாலுக்காகத்தான் அழுதேன். ராஜேந்திர குமாரின் அந்த அடங்கிய முகமும், சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்ளும் தொண்டையும் எனக்கு மனப்பாடம்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சுந்தர், கோபால், ராதா மூவரும் சிறு வயதுத் தோழர்கள். சுந்தருக்கு ராதாமேல் ஆசை. ராதா விரும்புவது கோபாலை. கோபாலுக்கும் அவள்தான் உயிர். ஆனால் நண்பனின் மனம் தெரிந்ததும் அவன் வாயை மூடிக்கொள்கிறான். சுந்தர் விமானப்படைக்குப் போகும்போது, தனக்கும் ராதாவுக்கும் நடுவே எவனும் வராமல் பார்த்துக்கொள்வதாகக் கோபாலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போகிறான். பிறகு அவன் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. கோபாலும் ராதாவும் நெருங்குகிறார்கள். செத்தவன் உயிரோடு வந்து நிற்கிறான். கோபால் மறுபடியும் ஒதுங்கிக்கொள்ள, ராதா சுந்தருக்கு மனைவியாகிறாள்.

இந்த இடத்தில் என் மகள் படத்தை நிறுத்தச் சொன்னாள். “அப்பா, ராதாவை யாராவது கேட்டார்களா?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. கோபால் தன்னுடைய ஒன்றைத்தான் விட்டுக்கொடுத்தான் என்று இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். அவன் எடுத்துக் கொடுத்தது ராதாவின் வாழ்க்கையை. அவன் கையெழுத்துப் போடாமல் எழுதிய காதல் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். ‘யே மேரா பிரேம் பத்ர்’ என்று முகமது ரஃபியின் குரலில் எத்தனை அழகாகக் கேட்டிருக்கிறோம்! கல்யாணத்துக்குப் பிறகு அது சுந்தரின் கையில் சிக்கும்போது, யார் எழுதியது என்ற கேள்வியில் வதைபடுகிறவள் ராதாதான். தியாகி என்ற பட்டம் கோபாலுக்கு, குற்றவாளிக் கூண்டு ராதாவுக்கு.

இந்தப் படங்களை உயிராக நேசிக்கிறவன் நான். அதனால்தான் மனம் ஆறவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

புதன்இரவு எழுதியது:

தம்பி, உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. ஆனாலும் கோபாலை அவ்வளவு சுலபமாகத் தண்டித்துவிடாதீர்கள்.

எனக்கு எழுபத்தாறு வயது. இலங்கை வானொலியில் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அமீன் சயானியின் குரலில் பினாக்கா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவன். இங்கே நான் வைத்துக்கொண்ட பெயரே அந்த நினைவில்தான். இந்தியில் ஒரு சொல்கூடப் புரியாத வயதில் முகேஷின் குரலுக்கு அழுதிருக்கிறேன்.

எங்கள் காலத்தில் ஒரு பெண்ணிடம் விருப்பத்தைச் சொல்வதே இரண்டு குடும்பங்களைத் தெருவுக்கு இழுக்கிற செயல். சொல்ல முடியாதவனுக்குக் கையில் மிச்சமிருந்த ஒரே செயல் விலகிப்போவது. அதையாவது கண்ணியமாகச் செய்தான் என்றுதான் நாங்கள் கோபாலைக் கொண்டாடினோம். இழப்பவனுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று அந்தப் படங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தன.

விட்டுக்கொடுப்பது வேறு, கைவிடுவது வேறு. தேவதாஸ் செய்தது கைவிடுதல். நள்ளிரவில், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல், பாரோ அவன் அறைக்கே வந்து கேட்டாள். அவளுக்கு இருந்த துணிச்சலில் கால் பங்கு அவனுக்கு இல்லை. பிறகு குடித்துச் செத்ததைத் தியாகம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கோபாலை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குரு தத் நடித்து 1960இல் வந்த ‘சௌத்வீன் கா சாந்த்’ எனக்கு மிகவும் பிடித்த படம். லக்னோவில் நடக்கும் கதை. நவாபு ஒருநொடி பார்த்து மயங்கிய முகம், தன் நண்பன் அஸ்லமின் மனைவியுடையது என்று அவருக்குத் தெரியாது. அஸ்லமுக்குத் தெரிந்துவிடுகிறது. நண்பனுக்காக மனைவியை விலக்கிவிடலாம் என்று, கெட்டுப்போனவன்போல நடிக்கிறான். கடைசியில் உண்மை தெரிந்த நவாபு மோதிரத்து வைரத்தை விழுங்கி உயிரை விடுகிறார். இரண்டு ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் இப்படி உருகும்போது, ஜமீலா வீட்டில் உட்கார்ந்து, நம் கணவருக்கு என்ன ஆயிற்று என்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். இது உங்கள் மகளின் பக்கம்தான் சாட்சி சொல்லும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாடுங்காவாசி எழுதியது:

தேவதாஸைப் பற்றிப் பெரியவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் தியாகம் இல்லாமல் இல்லை. அது தேவதாஸிடம் இல்லை, அவ்வளவுதான்.

சரத்சந்திரரின் நாவல் 1917இல் வெளிவந்தது. 1935இல் பி.சி. பருவா அதை எடுத்தபோது ஒளிப்பதிவு செய்தவர் பிமல் ராய். இருபது ஆண்டுகள் கழித்து, 1955இல், அவரே திலீப் குமாரை வைத்து இயக்கினார். கேமராவுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை பார்த்த துக்கத்தை இருபது ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தவர் எடுத்த படம் அது. சந்திரமுகியை அவர் பார்த்த விதத்தில் அது தெரியும்.

ஒரு காட்சி. மண் சாலை. பல்லக்கில் பாரோ போகிறாள். எதிரே சந்திரமுகி நடந்து வருகிறாள். ஒருத்தி ஜமீன்தாரின் மனைவி, ஒருத்தி தொழிலை விட்டுவிட்ட தாசி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சுசித்ரா சென்னின் பெரிய கண்கள். இந்தப் பக்கம் வைஜயந்திமாலாவின் வெறும் முகம், நகை கிடையாது, பொட்டலம்போல ஒடுங்கிய உடம்பு. ஒரு வசனம் இல்லை. ஒரே மனிதனை இழந்துகொண்டிருக்கும் இரண்டு பெண்கள் பெயர்கூடத் தெரியாமல் கடந்து போகிறார்கள். நான் பத்துத் தடவையாவது அந்த இடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்திருப்பேன்.

அந்த வேடத்துக்குத் துணை நடிகை என்று பிலிம்ஃபேர் விருது கொடுத்தார்கள். வைஜயந்திமாலா வாங்க மறுத்துவிட்டார். பாரோவுக்குச் சமமான வேடம் இது, துணை வேடம் அல்ல என்பது அவர் வாதம். திருவல்லிக்கேணிப் பெண்ணுக்கு இருந்த அந்த நிமிர்வு இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. சந்திரமுகியைத் துணை என்று எழுதியதே இந்த இழையில் பேசுகிற தவறுதான்.

இரண்டாம்ஆட்டம் எழுதியது:

யாரும் ‘ப்யாசா’ (1957) பக்கம் போகவில்லையே. எனக்கு ஒரே ஒரு படிக்கட்டு போதும்.

தெருவில் ஒரு பெண் பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். ‘ஆஜ் சஜன் மோஹே அங் லகா லோ’. கீதா தத்தின் குரல். ராதை கண்ணனை அழைப்பதுபோன்ற பாட்டு. கவிஞன் விஜய் மொட்டை மாடிக்குப் போகிறான். அவனை விரும்பும் தாசி குலாபோ பின்னாலேயே படியேறிப் போகிறாள். அவன் கைப்பிடிச் சுவரருகே அவளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். அவள் நெருங்கி நெருங்கி வந்துவிடுகிறாள். கை நீட்டினால் தோள். நீட்டவில்லை. திரும்பி இறங்கி ஓடிவிடுகிறாள். அவனுக்கு அவள் வந்ததே தெரியாது.

ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தியின் ஒளி, குலாபோவாக வரும் வஹீதா ரஹ்மானின் முகத்தில் விழுவதை எழுத்தில் கொண்டுவர எனக்குச் சக்தி இல்லை.

பிறகு அவன் செத்துவிட்டதாக நினைத்து, தன்னிடம் இருந்ததைக் கொடுத்து அவன் கவிதைகளை அச்சேற்றுகிறாள். கல்லூரியில் காதலித்த மீனா வசதிக்காகப் பதிப்பாளரைக் கட்டிக்கொண்டவள். கூடப்பிறந்தவர்கள் பணத்துக்காக அவனை அடையாளம் தெரியாது என்றவர்கள். இவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இரவுப்பணி எழுதியது:

இங்கே படித்துவிட்டுப் போகிறவள் மட்டும்தான், எழுதியதில்லை. இன்று எழுதத் தோன்றுகிறது.

முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ‘காமோஷி’யைப் பற்றி யாரும் பேசாமல் இந்த இழை முடிந்துவிடக் கூடாது. அசித் சென் 1959இல் சுசித்ரா சென்னை வைத்து வங்காளத்தில் எடுத்த படத்தை, பத்து ஆண்டுகள் கழித்து அவரே வஹீதா ரஹ்மானை வைத்து இந்தியில் எடுத்தார். மனநல மருத்துவமனையில் ராதா என்ற செவிலி. காதலில் அடிபட்டு மனம் கலங்கியவர்களுக்கு மருந்தாக, அவர்களைக் காதலிப்பதுபோல நடிக்கச் சொல்கிறார் பெரிய டாக்டர். முதல் நோயாளி தேவ் குணமாகிப் போய்விடுகிறான். அவன் போன பிறகுதான் தெரிகிறது, ராதா நடிக்கவில்லை. அந்தக் காயம் ஆறும் முன்பே இரண்டாவதாக அருண் வருகிறான். சிகிச்சை வெற்றி பெற்றிருக்கிறது, இன்னொரு தடவை செய் என்கிறார்கள். அவள் முடியாது என்று மன்றாடுகிறாள். பிறகு செய்கிறாள். அருண் தெளிந்து வெளியே வருகிறான். அவள் அதே வார்டுக்குள் நோயாளியாகப் போகிறாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஆண்கள் வார்டில் இரவுப் பணி. முப்பது வயதிருக்கும் ஒருவர், நீண்ட நாள் படுக்கை. மாத்திரையை என் கையால் கொடுத்தால்தான் விழுங்குவார். மற்றவர்கள் கொடுத்தால் துப்பிவிடுவார். நான்கு மாதம் எனக்குத் தொடர்ந்து அதே வார்டில் இரவுப் பணி போட்டார்கள். வேறு வார்டு கேட்டு எழுதிக் கொடுத்தேன். “நீ இருந்தால்தானே அவர் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் குணமாகி வீட்டுக்குப் போன காலையில், படுக்கை விரிப்பை நான்தான் மாற்றினேன். தலையணை உறைக்கு அடியில், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி நான் மடித்துக் கொடுத்திருந்த மருந்துச் சீட்டு அப்படியே கிடந்தது. மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். அவ்வளவுதான் கதை. அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

அதனால் சொல்கிறேன். எல்லோரும் ‘காமோஷி’ ராதாவின் தியாகம் என்கிறார்கள். ராதா எங்கே தியாகம் செய்தாள்? அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தானாகக் கொடுப்பதற்கும், கொடுக்காமல் இருக்க வழியில்லாதபடி கேட்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தை அந்தப் படம்போல இன்னொன்று காட்டியதில்லை.

கறுப்புவெள்ளை எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மகளுக்கும் படித்துக் காட்டினேன். அந்த மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்டதும் அவள் எழுந்து போய்விட்டாள். எழுதியதற்கு நன்றி.

இரண்டாம்ஆட்டம் எழுதியது:

இரவுப்பணி அம்மா எழுதியதைப் படித்த பிறகு ‘காமோஷி’ பாட்டுகளை வரிசையாகக் கேட்டேன். அப்போதுதான் இது உறைத்தது. ‘தும் புகார் லோ’ ஹேமந்த் குமார் குரலில் தர்மேந்திராவின் (தேவ்) பாட்டு. ‘வோ ஷாம் குச் அஜீப் தீ’ ராஜேஷ் கன்னாவுக்கு (அருண்) கிஷோர் குமார் பாடியது. லதா பாடிய ‘ஹம்னே தேகீ ஹை’ திரையில் அருணின் பழைய காதலிக்குப் போய்விட்டது. ராதா எந்தப் பாட்டுக்கும் வாயசைக்கவில்லை. ‘காமோஷி’ என்றால் மௌனம். கதாநாயகிக்கு ஒரு பாட்டுக்கூட இல்லாத இந்திப் படம்!

‘ப்யாசா’ படிக்கட்டிலும் அதேதான். குலாபோவின் ஏக்கத்தைத் தெருவில் வேறொருத்தி பாடுகிறாள். ஆண்களுக்கு இந்தத் தடை கிடையாது. கோபால் பாடுகிறான், சுந்தர் பியானோ முன்னால் உட்கார்ந்து ‘தோஸ்த் தோஸ்த் நா ரஹா’ என்று பாடுகிறான், விஜய் பாடுகிறான். தங்கள் தோல்வியை ஊருக்கே கேட்கும்படி சொல்ல அவர்களுக்கு ரஃபியும் முகேஷும் ஹேமந்தும் இருந்தார்கள். அதனால்தான் நமக்கு அவர்கள் வலி மட்டும் மனப்பாடமாகிவிட்டதோ?

ஆலயமணி62 எழுதியது:

அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ‘தில் ஏக் மந்திர்’ (1963) இருக்கிறது. நமக்குச் சொந்தக் கதை. ஸ்ரீதர் 1962இல் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை அவரே மறு ஆண்டு மீனா குமாரி, ராஜ் குமார், ராஜேந்திர குமாரை வைத்து இந்தியில் எடுத்தார். பழைய காதலியின் கணவனைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றிவிட்டு டாக்டர் உயிரை விடும் கதை.

இங்கே கேள்வி கேட்கப்படுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பு கணவன் வேணுவே மனைவியிடம், நான் பிழைக்காவிட்டால் நீ அந்த டாக்டரையே மணந்துகொள் என்கிறான். ‘சொன்னது நீதானா’ அந்த இடத்தில்தான் பிறக்கிறது. பி. சுசீலாவின் குரல், விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் சிதார், தேவிகாவின் அடிபட்ட முகம். இந்தியில் அதே வலியை ‘ஹம் தேரே ப்யார் மே’ என்று லதாவின் குரலில் மீனா குமாரி பாடுகிறார்.

ஆகவே “கேட்டார்களா” என்பது மட்டும் போதாது. அந்தக் கணவன் பெருந்தன்மையாகத்தான் கேட்டான். அந்தப் பெருந்தன்மையே அவளைக் குத்திவிட்டது. அவளை இன்னொருவர் வசம் ஒப்படைக்க வேண்டிய பொருளாக நினைத்ததால்தானே அப்படிக் கேட்டான்? கேட்காத கோபாலுக்கும் கேட்ட வேணுவுக்கும் நினைப்பு ஒன்றுதான்.

இரண்டாம்ஆட்டம் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், கேட்டவுடன் அவளுக்குப் பாட்டு வந்துவிட்டது.

புதன்இரவு எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். கோபாலைப் பற்றி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். அவன் கண்ணியமானவன்தான். ஆனால் அந்தக் கண்ணியத்தின் செலவை அவன் மட்டும் ஏற்கவில்லை.

அந்தக் காலத்துக் கவிஞர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. ‘சரஸ்வதிசந்திரா’ என்று 1968இல் ஒரு படம். புகழ்பெற்ற குஜராத்தி நாவலின் கதை. எதையும் துறப்பதே உயர்வு என்று நினைக்கும் நாயகன். அதில் இந்தீவர் எழுதி லதா பாடிய ஒரு பாட்டு, யாரோ ஒருவருக்காக உலகம் முழுவதையும் விட்டுவிடுவது மனிதனுக்குத் தகாது என்கிறது. தியாகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் படத்துக்குள்ளேயே தியாகத்துக்கு எதிரான பாட்டு! ‘கும்ராஹ்’ படத்தில் சாஹிர் எழுதிய ‘சலோ ஏக் பார் ஃபிர் ஸே’வும் அப்படித்தான். வா, மீண்டும் அந்நியர்களாகிவிடுவோம் என்று காதலன் பழைய காதலியிடம் நேரே முகம் பார்த்துச் சொல்கிறான். அதைப் பாடிய மகேந்திர கபூர் ஒரு இடத்திலும் அழவில்லை, கவனித்திருக்கிறீர்களா? இளம் வயதில் எனக்கு அது கல் நெஞ்சாகப் பட்டது. இப்போது அதைவிட மரியாதையான பிரிவு எனக்குத் தெரியவில்லை.

சிக்கந்தர்ரசிகன் எழுதியது:

‘முகத்தர் கா சிக்கந்தர்’ (1978) இந்தப் பட்டியலில் கட்டாயம் வேண்டும். சோரா சிக்கந்தரை விரும்புகிறாள், சிக்கந்தர் காம்னாவை, காம்னா விஷாலை. சோராவுக்காக உயிரையே வைத்திருக்கும் திலாவர் வேறு. விஷாலையும் காம்னாவையும் தவிர ஒருவர்கூடத் தன்னை விரும்புகிறவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சோராவாக வரும் ரேகா மோதிரத்து வைரத்தைத் தின்று சாகும்போது நான் திரையரங்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாடுங்காவாசி எழுதியது:

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளுக்கு ‘பந்தினி’யைக் காட்டுங்கள். பிமல் ராய், 1963. அவள் கேட்ட கேள்விக்கு அந்தக் காலத்திலேயே ஒருத்தி செயலில் பதில் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணி (நூதன்) கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறாள். அவள் காதலித்த புரட்சிக்காரர் பிகாஷ், திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவர், வேறொருத்தியை மணந்துகொண்டார். சிறை டாக்டர் தேவேன் (தர்மேந்திரா) எல்லாம் தெரிந்த பிறகும் அவளை மணக்க விரும்புகிறார். விடுதலையாகி அவர் வீட்டுக்குப் போகும் வழியில், கப்பல் துறையில், காசநோயால் இருமிக்கொண்டிருக்கும் பிகாஷைப் பார்க்கிறாள். நாட்டு வேலைக்காக, இயக்கத்தின் கட்டளைக்காகத்தான் அந்தக் கல்யாணம் என்று அப்போதுதான் தெரிகிறது. பாருங்கள், அவரும் ஒரு தியாகிதான். அவரும் இவளைக் கேட்கவில்லை. அந்த மௌனத்தால் இவள் கொலைகாரியானாள்.

ஒரு பக்கம் ரயில் கூவுகிறது. அந்தப் பக்கம் போனால் வீடு, நல்ல கணவர், மரியாதை. மறுபக்கம் கப்பலின் சங்கு. எஸ்.டி. பர்மன் தன் சொந்தக் குரலில் ‘ஓ ரே மாஜீ’ பாடுகிறார். (இங்கேயும் அவளுக்காக வேறொருவர் குரல்தான், இரண்டாம்ஆட்டம்!) நூதன் எதுவும் பேசவில்லை. முகத்தில் முடிவு மெல்ல ஏறுகிறது. கடைசி நொடியில் ஓடிப்போய்க் கப்பலில் ஏறிக்கொள்கிறாள். சரியா தவறா என்று நான் சொல்ல மாட்டேன். அது அவள் முடிவு. யாரும் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை.

இரவுப்பணி எழுதியது:

சாகக் கிடக்கிறவனுக்குப் பணிவிடை செய்யப் போவதையே எத்தனை காலம் பெண்ணின் விருப்பம் என்று காட்டுவார்கள் என்று ஒரு கோபம் எனக்கு உண்டு. ஆனாலும் அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போது என் கால்களும் கூடவே ஓடும். இரண்டும் உண்மை.

கறுப்புவெள்ளை எழுதியது:

நேற்று இரவு ‘பந்தினி’ பார்த்தோம். மகள் இடையில் ஒரு முறைகூட நிறுத்தச் சொல்லவில்லை. கப்பல் துறைக் காட்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நூதன் ஓடியதும், “போ, போ” என்று அவளை அறியாமல் சொன்னாள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா, அந்த டாக்டர் வீட்டில் காத்துக்கொண்டிருப்பாரே. அவரிடம் யார் போய்ச் சொல்வார்கள்?” என்றாள்.